ஒரே வீடா, கூப்பிடு தூரமா, தனித்தனியா? வளர்ந்தவர்கள் சேர்ந்து வாழும் ஏற்பாடுகள்: ஓர் ஒப்பீடு

"எனக்கு 28 வயது, சம்பாதிக்கிறேன். அம்மா அப்பாவோடேயே இருக்கலாமா, தனியாகப் போகலாமா?" "குழந்தை பிறந்திருக்கிறது. பெற்றோரை எங்களோடு வந்து இருக்கச் சொல்லலாமா?" "அப்பா போய்விட்டார், அம்மாவுக்கு 74. அந்த வீட்டில் அவரைத் தனியாக விடுவதா?"

வாசகர்கள் கேட்பதில் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வயதும் நிலைமையும் வேறு வேறு. ஆனால் மூன்று பேருமே பாசத்தை அளவுகோலாக வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். தனியாகப் போனால் பாசம் குறைந்துவிட்டதாக அர்த்தம், சேர்ந்து இருந்தால் பாசம் இருப்பதாக அர்த்தம் என்று நினைத்துத் தவிக்கிறார்கள். உண்மையில் பாசமுள்ள குடும்பங்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் அடிபடுகின்றன. பாசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் செலவு, வேலை, சாவி, சமையலறை எதைப் பற்றியும் யாரும் முன்கூட்டியே வாய் திறப்பதில்லை. ஆறு மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வெடிக்கிறது.

அதனால் பாசத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா? புதிதாகத் திருமணமானவர்களுக்கு மட்டும் வேண்டிய விஷயம் இல்லை இது. எழுபது வயதுப் பெண்ணுக்கும் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மணி நேரம் வேண்டும்.

வேலை. சமையல், துணி, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மருந்து வாங்கி வருவது. இவை யார் தலையில் விழும்? "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லும் வீட்டில் பெரும்பாலும் ஒரே பெண் பார்த்துக்கொண்டிருப்பார்.

பணம். வாடகையோ கடன் தவணையோ யார் கட்டுகிறார்கள், மருத்துவச் செலவு யாருடையது, வீடு யார் பெயரில். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று முன்னோர் சொல்லிவைத்தது இதற்காகத்தான்.

நடுராத்திரி. இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், எத்தனை நிமிடத்தில் யார் வந்து நிற்பார்கள்?

திரும்பும் வழி. ஏற்பாடு சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? நான் அதிக மதிப்பெண் தருவது இதற்குத்தான். மற்ற நான்கிலும் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் சமாளித்துவிடலாம். இருந்த வீட்டை விற்றுவிட்டு மகனிடமோ மகளிடமோ வந்து சேர்ந்த பெற்றோருக்கு, ஒத்துவரவில்லை என்றால் போக இடமில்லை. போக இடமில்லாதவர் வாயைத் திறந்து குறை சொல்லவும் மாட்டார்.

## ஒரே வீடு, ஒரே அடுப்பு

இதன் பலன்கள் யாருக்கும் தெரிந்தவை. ஒரு வாடகை, ஒரு மின்கட்டணம், எப்போதும் பேச்சுத் துணை, நடுராத்திரியில் எழுப்ப ஆள். அவசரத்துக்கு உதவுவதில் வேறெந்த ஏற்பாடும் இதற்கு இணையில்லை. ஆனால் மறைந்திருக்கும் செலவு வயதுக்கு வயது மாறும்.

இருபதுகளில். பெற்றோரோடு இருப்பது தவறு என்றோ, தனியாகப் போவதுதான் வளர்ச்சி என்றோ சொல்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட்டின் கணக்குப்படி, 2023-ல் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறிய சராசரி வயது 26.3. பின்லாந்தில் 21.4, குரோஷியாவில் 31.8. ஒரே கண்டத்துக்குள் பத்து ஆண்டு வித்தியாசம். வாடகை, வேலை, படிப்புக்கு அரசு தரும் உதவி, ஊர் வழக்கம் எல்லாம் சேர்ந்து முடிவாகும் விஷயம் இது. குரோஷியப் பிள்ளைக்குப் பாசம் அதிகம், பின்லாந்துப் பிள்ளைக்குக் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

இந்த வயதில் மறைந்திருக்கும் செலவு, சம்பாதிக்கும் ஆள் வீட்டுக்குள் இன்னும் சிறுபிள்ளையாகவே நடத்தப்படுவது. எத்தனை மணிக்கு வருவாய், யாரோடு பேசுகிறாய் என்ற கேள்விகள் நிற்காது. அவரும் தன் துணியைத் தானே துவைக்கக் கற்றுக்கொள்ள மாட்டார். சேமிப்பதற்காக வீட்டோடு இருக்கிறேன் என்பவர்கள், எவ்வளவு சேர்ந்ததும் கிளம்புவது என்று ஒரு தொகையையோ தேதியையோ சொல்லிவிட வேண்டும். மாதம் ஒரு தொகையை வீட்டுக்குக் கொடுப்பதும் நல்லது. பெற்றோருக்கு அது தேவையே இல்லாவிட்டாலும், பணம் கொடுப்பவரின் வார்த்தைக்கு அந்த வீட்டில் ஒரு இடம் கிடைக்கிறது.

முப்பதுகளில், கைக்குழந்தையோடு. இங்கேதான் ஒரே வீடு மிகக் கவர்ச்சியாகத் தெரியும். வேலைக்குப் போகும் தம்பதிக்கு, குழந்தையை நம்பி விட்டுப் போக ஆள் கிடைப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. ஆனால் அந்த உதவியை மணிக்கணக்கில் எண்ணிப் பாருங்கள். மகள் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிறாள் என்றால் பத்தரை மணி நேரம். வாரம் ஐந்து நாளைக்கு ஐம்பத்திரண்டரை மணி. அலுவலகத்தில் மகள் பார்க்கும் வேலையைவிட, அறுபத்தைந்து வயதுப் பாட்டி வீட்டில் பார்க்கும் வேலை நேரம் அதிகம்.

நான் அறிந்த ஒரு வீட்டில், பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "பேரன் பள்ளிக்கூடத்தில் சேரட்டும்" என்று அவரே தள்ளிப்போட்டார். சேர்ந்தான். "மத்தியானமே வந்துவிடுகிறானே, யார் கூட்டி வருவது?" என்று மறுபடியும் தள்ளினார். கதை வாசித்துக் காட்டும்போது புத்தகத்தை மூக்கருகில் வைத்துக்கொள்ளும் பாட்டியைப் பார்த்துப் பேரனும் அப்படியே செய்தபோதுதான், மகளுக்கு விஷயம் உறைத்தது. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதனால் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு வார விடுமுறை, ஆண்டு விடுமுறை, முடியாது என்று சொல்லும் உரிமை மூன்றும் முதல் நாளிலேயே உறுதியாக வேண்டும். பகலில் சில மணி நேரத்துக்காவது காப்பகமோ உதவியாளோ கட்டாயம் தேவை.

எழுபதுகளுக்கு மேல். பராமரிப்பு தேவைப்படும் காலத்தில் ஒரே வீடு பெரிய பலம். ஆனால் எந்தப் பிள்ளையின் வீட்டில் பெற்றோர் இருக்கிறார்களோ, முழுச் சுமையும் அந்த வீட்டில்தான் விழும். மற்ற பிள்ளைகள் விருந்தாளியாக வந்து, அம்மா இளைத்துவிட்டாரே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போவார்கள். உடன்பிறந்தவர்கள் பிரிவதற்குச் சொத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம். கூட வைத்துப் பார்த்துக்கொள்ளாதவர்கள் பணமாகவோ, ஆண்டுக்கு இத்தனை வாரம் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாகவோ பங்கெடுக்க வேண்டும் என்பதை எல்லாரும் உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகு பெற்றோரைக் கூட்டி வாருங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: ஒருவருக்கு அன்றாடக் கவனிப்பு தேவைப்படும்போது, குழந்தை மிகச் சிறியதாக இருக்கும் ஓரிரு ஆண்டுகளில், கடன் அடைக்கவோ வேலை தேடவோ ஒரு கால எல்லையோடு இருக்கும்போது.

## ஒரே கட்டடம், இரண்டு வாசல்

மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ஜப்பானில் இதற்கென்றே 'நிசெதாய் ஜூதாகு' என்னும் இரட்டைக் குடும்ப வீடுகளைக் கட்டி விற்கிறார்கள். அவற்றில் மூன்று வகை உண்டு: படுக்கையறை தவிர எல்லாம் பொது, வாசல் அல்லது குளியலறை மட்டும் பொது, எல்லாமே தனி. எவ்வளவு பகிர்ந்துகொள்வது என்பதைச் செங்கல் வைக்கும் முன்பே குடும்பம் முடிவு செய்தாக வேண்டும் என்பது இந்தப் பிரிவினையில் எனக்குப் பிடித்த விஷயம்.

இரண்டாவது அடுப்பு மிக முக்கியம். எப்போது சாப்பிடுவது, எவ்வளவு உப்பு, பாத்திரத்தை எங்கே வைப்பது என்று சமையலறையில் எழும் சண்டைகளில் பாதி, அடுப்பு இரண்டானால் எழாது. செலவு கருதி அடுப்பை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பிரிப்பது வீண் சிக்கனம்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பாருங்கள். கட்டுமானச் செலவு கூடும். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்தப் பாதியை என்ன செய்வது? நடுவில் படிக்கட்டு பொதுவாக இருந்தால் அந்நியருக்கு வாடகைக்கு விடக் கூச்சமாக இருக்கும், பாதியை மட்டும் விற்கவும் முடியாது. பெற்றோரின் மனையில் ஒரு பிள்ளை தன் பணத்தில் மாடி கட்டியிருந்தால், பின்னால் மற்ற பிள்ளைகளோடு பங்கு பிரிக்கும்போது அந்த மாடி யாருடையது என்ற கேள்வி வரும். பணம் கொடுத்த வழி, அனுமதி, பங்கு மூன்றும் கட்டும்போதே எழுத்தில் இருக்கட்டும். இன்னொன்று: வயதானவர்களுக்குத் தரைத்தளம். "இப்போது நன்றாகத்தானே ஏறுகிறார்கள்" என்று மாடியைக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது சிறந்தது: இடம் ஏற்கனவே இருக்கிறது, இரு தரப்பும் பதினைந்து இருபது ஆண்டு அதே ஊரில் இருக்கப்போவது உறுதி என்றால். வேலை மாற்றலாகும் வாய்ப்பு இருப்பவர்கள் இதில் பணத்தைப் போடாமல் இருப்பது நல்லது.

## கூப்பிடு தூரம்

நடந்துபோகும் தூரத்தில் வேறு வேறு வீடுகள். பெரும்பாலான குடும்பங்களுக்கு, பெரும்பாலான வயதில், நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

1940-களில் இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் முதியவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்த மருத்துவர் ஷெல்டன், பிள்ளைகள் அருகில் இருக்கிறார்கள் என்பதை அளக்க எளிய முறை ஒன்றைக் கையாண்டார்: சூடான உணவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மறுபடி சூடுபடுத்தத் தேவையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரம். ஏறத்தாழ ஐந்து நிமிட நடை. 1960-களில் வியன்னாவில் ஆய்வு செய்த லியோபோல்ட் ரோசன்மாயரும் ஏவா கோக்கைஸும், முதியவர்கள் பலர் பிள்ளைகளின் நெருக்கத்தையும் விரும்புகிறார்கள், தங்களுக்கென்று தனி வீட்டையும் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று நம் வீடுகளில் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். சிங்கப்பூர் அரசு இதற்குக் காசே கொடுக்கிறது: பெற்றோரோடு சேர்ந்தோ, 4 கிலோமீட்டருக்குள்ளோ வாழ, மறுவிற்பனைக்கு வரும் அரசு அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு மானியம் உண்டு.

அடுத்த தெருவில் இருக்கும் அம்மா, வருவதற்கு முன் கைப்பேசியில் கூப்பிட்டுக் கேட்பார். அந்த ஒரு கேள்வி இரு தரப்புக்கும் மரியாதை தருகிறது. சண்டை வந்தால் போய்க்கொள்ள இரண்டு பேருக்கும் வீடு உண்டு. சரிவரவில்லை என்றால் ஒருவர் வீடு மாறினால் போதும், எதையும் விற்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு பணத்தில் முதலில் தெரியும்: இரண்டு வாடகை, இரண்டு குளிர்பதனப் பெட்டி, எல்லாமே இரண்டு. அதைவிடப் பெரிய செலவு ஒன்று மெதுவாக வரும். தினமும் அரை மணி நேரம் வந்து பேசிவிட்டுப் போகும் மகனுக்கு, அப்பா மருந்தை இரண்டு முறை போட்டுக்கொள்வதோ, அம்மா இரவில் கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதோ தெரியாது. விருந்தாளி வரும் நேரத்தில் யாருமே நன்றாகத்தான் இருப்பார்கள். அதனால் மாதத்தில் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள், குளிர்பதனப் பெட்டியில் பழையது எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கட்டும். ஆனால் அதை எப்போது பயன்படுத்தலாம் என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். உங்கள் வீட்டுச் சாவிக்கும் அதே விதி.

## தூரத்தில், தனித்தனியாக

தனியாக வாழ்வதும் தனிமையும் ஒன்றில்லை. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் ஐந்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் ஒற்றை ஆள் வீடுகள்தான். நாற்பது ஆண்டாக ஒரே தெருவில் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு மருந்துக்கடைக்காரரைத் தெரியும், மாலை நடைக்குத் துணை உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டு. அவரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பிள்ளைகள் பகல் முழுக்க வேலைக்குப் போய்விடும் பதினொன்றாம் மாடி வீட்டில் வைப்பதில்தான் தனிமை அதிகம். பெற்றோர் திடமாக இருக்கும்வரை இந்த ஏற்பாட்டைக் கலைக்க அவசரப்பட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு நடுராத்திரியில் வரும். உலக அளவில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டில் ஒரு முறையாவது கீழே விழுகிறார். விழுவதைவிட, விழுந்து பல மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடப்பது ஆபத்து. தினமும் குறிப்பிட்ட நேரத்தில் ஓர் அழைப்பு, எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர், குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு. இவை இல்லாமல் இந்த ஏற்பாட்டை நடத்தாதீர்கள். அவசரப் பயணத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் பணமும் எப்போதும் இருக்க வேண்டும்.

## உறவல்லாதவர்களோடு

நண்பர்களோடு வீடு எடுப்பது, முதியோர் குடியிருப்பு, கூட்டுக் குடியிருப்பு எல்லாம் இதில் அடங்கும். டென்மார்க்கில் 1972-ல் தொடங்கிய சேட்டெடாமென் குடியிருப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, சேர்ந்து சாப்பிடவும் கூடவும் பொது வீடு. நெதர்லாந்தின் டெவென்டெர் நகரில் ஒரு முதியோர் இல்லம் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறது. பதிலுக்கு அவர்கள் மாதம் 30 மணி நேரம் அங்குள்ள முதியவர்களோடு செலவிட வேண்டும். பிள்ளைகள் இல்லாதவர்கள், திருமணம் செய்துகொள்ளாதவர்கள், பிள்ளைகள் வெகுதொலைவில் இருப்பவர்கள் இதைக் கடைசிப் புகலிடமாகப் பார்க்க வேண்டியதில்லை.

எங்கே சேர்ந்தாலும் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் தேடுங்கள்: வைப்புத்தொகை எப்போது, எவ்வளவு திரும்ப வரும்; மாதக் கட்டணம் எப்படி உயரும்; படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வெளியேறச் சொல்வார்களா. மூன்றாவதுதான் பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி.

## ஒரே பார்வையில்

| | ஒரே வீடு | இரண்டு வாசல் | கூப்பிடு தூரம் | தூரத்தில் தனி | உறவல்லாதவர்களோடு |
|---|---|---|---|---|---|
| கதவு | குறைவு | நன்று | மிக நன்று | முழுமை | இடத்தைப் பொறுத்தது |
| வேலை | ஒருவர் மேல் விழும் | பாதி பிரியும் | அவரவருக்கு | அவரவருக்கு | விதிப்படி |
| பணம் | மிகக் குறைவு | தொடக்கத்தில் அதிகம் | மாதாமாதம் அதிகம் | அதிகம், அவசரத்தில் இன்னும் அதிகம் | கட்டணம், வைப்புத்தொகை |
| நடுராத்திரி | ஒரு நிமிடம் | இரண்டு நிமிடம் | ஐந்து பத்து நிமிடம் | அக்கம்பக்கத்தார்தான் | உடனிருப்பவர்கள் |
| திரும்பும் வழி | பழைய வீடு இருந்தால் மட்டும் | கடினம் | எளிது | எளிது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |

## சொத்தையும் வீட்டையும் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள்

சேர்ந்து வாழ்வதற்கு விலையாகப் பெற்றோர் வீட்டை எழுதிக் கொடுப்பது எந்த ஏற்பாட்டையும் கெடுக்கும். பல நாடுகள் சட்டம் போடும் அளவுக்கு இது வளர்ந்த பிரச்சினை. இந்தியாவின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய வழி தருகிறது. சிங்கப்பூரில் 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. சீனாவில் 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தின் படியேறி வாங்கும் கவனிப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எங்கே வாழ்வது என்பது இப்போது எடுக்கும் முடிவு. சொத்து யாருக்கு என்பதை உயிலில் எழுதலாம், மனம் மாறினால் உயிலை மாற்றியும் எழுதலாம்.

## முடிவுக்கு முன் ஒரு ஒத்திகை

எந்த ஏற்பாட்டையும் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள், பழைய வீட்டைப் பூட்டி மட்டும் வைத்துவிட்டு. விருந்தாளியைப் போல் உபசரிக்காமல், வேலை நாள், உடம்பு சரியில்லாத நாள், பணம் கை கடிக்கும் மாதக் கடைசி எல்லாம் அதற்குள் வந்து போகட்டும். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மேசையைச் சுற்றி எல்லாரும் இருக்கும்போது மருமகள் சொல்லும் பதிலும், தனியாகச் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. மாமியார் சொல்வதும் அப்படித்தான்.

பெற்றோர் இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், நடக்கத் தெம்பு இருக்கும் வயதிலேயே மாறட்டும். அறுபத்தெட்டில் வருபவர் புதுத் தெருவில் வழி பழகி, இரண்டு பேரைச் சிநேகம் பிடித்துக்கொள்வார். எண்பதில், கால் எலும்பு முறிந்த பிறகு வருபவருக்கு அந்த ஊர் ஓர் அறையாகவே இருந்துவிடும்.

துணையை இழந்தவர்கள் விஷயத்தில் மட்டும் இந்த அவசரம் வேண்டாம். தனியாக இருக்கவே முடியாத உடல்நிலை இல்லையென்றால், ஓராண்டு வரை வீட்டை விற்கவோ காலி செய்யவோ கூடாது. முதல் மாதங்களில் பிள்ளைகள் மாறி மாறிப் போய்த் தங்கலாம், அவரும் வந்து தங்கலாம். ஓராண்டு கழித்து எங்கே இருக்கப் பிடிக்கிறது என்று அவரைக் கேளுங்கள். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகு தகவலாகச் சொல்லாமல், முதலிலேயே கேளுங்கள்.